ஏர் பிரான்ஸுக்கு எதற்கு ஒரு டிரான்ஸாவியா?

பிரான்சின் துலூஸ் நகரில் மேற்படிப்புப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பாரிஸின் ஓர்லி விமான நிலையத்துக்குப் போக ஏர் பிரான்ஸ் டிக்கெட் தேடினால், அந்த வழித்தடம் டிரான்ஸாவியாவுக்குப் போகிறது என்கிறார்கள். டிரான்ஸாவியாவும் ஏர் பிரான்ஸ் குழுமத்துடையதுதானாம். ஒரே முதலாளி எதற்காக இரண்டு பெயரில் விமானம் விட வேண்டும்? மலிவு விமானம் விட்டுத் தன் பயணிகளைத் தானே பறித்துக்கொண்டால் நஷ்டம் இல்லையா? விலையைக் குறைப்பதற்காகப் பராமரிப்பில் கை வைப்பார்களோ என்று வீட்டிலும் பயப்படுகிறார்கள்." மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: அந்த விலைக் குறைப்பு எங்கிருந்து வருகிறது? அது பிடிபட்டால் மற்றதற்கெல்லாம் பதில் தானாக வந்துவிடும். நான் பாரிஸில் பல வருடம் விமான அட்டவணை போடும் வேலையில் இருந்தவன். ஏர் பிரான்ஸ் குழுமத்துக்கு வெளியே. அதனால் அட்டவணை, விமானத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். ஊதிய ஒப்பந்தம், நிர்வாக முடிவு பற்றிச் சொல்பவை எல்லாம் பொதுவெளியில் வந்தவை. என் ஊகம் வரும் இடங்களில் அது ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீட்டாரின் பயத்தைத் தீர்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் பெற்ற எந்த விமான நிறுவனமானாலும், டிக்கெட் 30 யூரோவாக இருந்தாலும் 300 யூரோவாக இருந்தாலும், பாதுகாப்பு விதிகள் ஒன்றுதான். ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அந்த விதிகளைக் கவனிக்கிறது. அந்தந்த நாட்டு விமானத்துறை அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கிறது. எத்தனை மணி நேரம் பறந்தால் எந்தப் பாகத்தைச் சோதிக்க வேண்டும், விமானிக்கு எவ்வளவு ஓய்வு, எவ்வளவு எரிபொருள் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். நிறுவனம் தன் இஷ்டத்துக்கு இவற்றைக் குறைத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, மலிவு விமான நிறுவனத்துக்குப் பழுதாகித் தரையில் நிற்கும் விமானத்தைவிடப் பெரிய செலவு கிடையாது. ஜெர்மனியின் லுஃப்தான்சாவுடைய மலிவுத் துணை நிறுவனமான ஜெர்மன்விங்ஸின் விபத்து பலர் மனதில் இருக்கும். 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசெல்டோர்ஃப் போன அந்த விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் இறந்தார்கள். துணை விமானி வேண்டுமென்றே செய்தது அது என்று பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பு முடிவுக்கு வந்தது. விமானிகளின் மனநலத்தை எப்படிக் கண்காணிப்பது என்ற கனமான கேள்வியை அந்தத் துயரம் எழுப்பியது. டிக்கெட் விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சரி, விலை எங்கே குறைகிறது? சாண்ட்விச்சும் காபியும் இலவசமாகத் தராததில்தான் மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சிறிய தொகை. இருக்கையிலிருந்து தொடங்குவோம். டிரான்ஸாவியா பல வருடமாக ஓட்டும் போயிங் 737-800 விமானத்தில் 189 இருக்கைகள். அந்த மாடலில் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பே அதுதான். ஏறக்குறைய அதே அளவுள்ள ஏர் பிரான்ஸின் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் சுமார் 175 இருக்கைகள். அதிலும் முன்வரிசைகளில் பிஸினஸ் வகுப்பு என்று நடு இருக்கையைக் காலியாக விடுவார்கள். ஐரோப்பிய விதிப்படி 50 இருக்கைக்கு ஒரு கேபின் பணியாளர் வேண்டும். 175 என்றாலும் நான்கு பேர், 189 என்றாலும் நான்கு பேர். விமானிகள் இரண்டு பேர், இறங்கும் கட்டணம், ஓடுபாதை, எரிபொருள் எல்லாம் கிட்டத்தட்ட அதேதான். அந்தச் செலவைப் பங்கு போட இங்கே தலைகள் அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் பெரிய மிச்சம் கடிகாரத்தில் இருக்கிறது. விமானத்தின் குத்தகைத் தொகை அது பறந்தாலும் நின்றாலும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். ஒரு விமானத்தின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே போட்டது. ஆனால் ஓர்லியில் இப்படித்தான் போடுவார்கள். காலை 6:30க்கு ஓர்லியில் கிளம்பிப் போர்ச்சுகலின் போர்ட்டோ. பாரிஸ் நேரப்படி 8:40க்கு இறங்கும். நாற்பது நிமிடத்தில் பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, ஏற்றி, 9:20க்குப் புறப்பாடு. 11:25க்கு ஓர்லி. விமானிகளும் பணியாளர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அடுத்த குழு ஏறும். 12:15க்கு ஏதென்ஸ். அங்கிருந்து திரும்பி இரவு 7:45க்கு ஓர்லி. பறந்த நேரம் மட்டும் பதினொரு மணி. இதை நாளுக்கு நாள், விமானத்துக்கு விமானம் பெருக்கினால்தான் மலிவு டிக்கெட்டின் கணக்கு நேராகும்.

இப்போது 7:45க்கு விமானம் கையில் இருக்கிறது, இரவு இன்னும் மிச்சமிருக்கிறது. அட்டவணை போடுகிறவனுக்குக் கை துறுதுறுக்கும். 8:25க்குத் துலூஸுக்கு அனுப்பினால் 9:40க்கு இறங்கும். அரை மணியில் திருப்பினால் 11:25க்கு ஓர்லி வந்துவிடும். தாளில் அழகாக இருக்கும். ஆனால் ஓர்லியைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கிக் கிடப்பதால் 1968 முதல் அங்கே இரவு 11:30 முதல் காலை 6 மணி வரை விமானப் போக்குவரத்துக்குத் தடை. ஐந்து நிமிட இடைவெளியை நம்பி அந்த வரியைப் போட்டால், ஏதென்ஸில் ஒரு பெட்டியை இறக்கத் தாமதமானாலும் போதும். கடைசி விமானம் பாரிஸின் இன்னொரு விமான நிலையமான சார்ல் த கோலுக்குத் திருப்பப்படும். பயணிகளை நள்ளிரவில் பஸ் வைத்து ஓர்லிக்குக் கொண்டுவர வேண்டும். விமானத்தை மறுநாள் காலைக்குள் வெறுமையாகப் பறக்கவிட்டு ஓர்லிக்கு எடுத்து வர வேண்டும். இந்த வரியை நான் போட மாட்டேன். ஓர்லியில் இரவு பத்தரைக்கு மேல் வந்து சேர வேண்டிய மலிவு விமானத்தில் டிக்கெட் எடுக்கும் யாரும் இந்த ஆபத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏர் பிரான்ஸே தன் சொந்தப் பெயரில் இப்படி ஓட்டினால் என்ன? இங்கேதான் ஹப் என்ற ஏற்பாடு குறுக்கே வருகிறது. சார்ல் த கோலில் விமானங்கள் அலை அலையாக வரும், அலை அலையாகப் போகும். துலூஸ், மிலான், வார்சா எல்லாம் காலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து இறங்க வேண்டும். அதில் வந்தவர்கள் நியூயார்க்குக்கும் டோக்கியோவுக்கும் மாற வேண்டும். குறுந்தூர விமானத்தின் வேலை நெடுந்தூர விமானத்துக்கு ஆள் சேர்ப்பது. அதனால் அது தன் வசதிக்குக் கிளம்ப முடியாது, அலைக்காகக் காத்திருக்கும். காலை முதல் அலைக்கு ஆள் வேண்டும் என்றால் முந்தைய இரவே விமானம் துலூஸில் தங்க வேண்டும். விமானிக்கும் பணியாளர்களுக்கும் அங்கே ஹோட்டல், டாக்சி, படி. பெட்டிகளை விமானத்திலிருந்து விமானத்துக்கு மாற்றத் தனி ஏற்பாடு. இணைப்பைத் தவறவிட்டவருக்கு மாற்று டிக்கெட். இவ்வளவும் செலவுதான், ஆனால் வீண் செலவு இல்லை. நெடுந்தூர டிக்கெட்டில் அந்தப் பணம் திரும்பி வரும். சென்னையிலிருந்து பாரிஸ் வழியாகப் பிரான்சின் போர்தோ நகருக்குப் போகும் ஒருவருக்கு ஒரே டிக்கெட்டில் பெட்டி கடைசி வரை போய்ச் சேர்வது இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் பாரிஸிலிருந்து போர்ட்டோவுக்கு மட்டும் போகிறவருக்கு இதில் எதுவும் தேவையில்லை. தேவையில்லாத ஒன்றின் விலையை அவர் ஏன் தர வேண்டும்? மலிவு விமான நிறுவனங்களான ரயன்ஏரும் ஈஸிஜெட்டும் அவரிடம் கேட்டது இதைத்தான். கூட்டம் அந்தப் பக்கம் போனது.

ஹப்பும் நேர்வழிப் போக்குவரத்தும் ஒரே அட்டவணைக்குள் ஒத்துப்போகாதவை. ஆகவே இரண்டாவது அட்டவணை வேண்டும், அதற்கு இரண்டாவது நிறுவனம் வேண்டும். இதுவரை சொன்னது உறுதியானது, கணக்குப் போட்டுக் காட்டக்கூடியது. ஆனால் தனி நிறுவனம் தொடங்குவதற்கு நிர்வாகங்கள் வெளியே உரக்கச் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு: ஊழியர் ஒப்பந்தம். பழைய தேசிய விமான நிறுவனங்களின் ஊதியம், பணிமூப்பு, விடுப்பு, ஓய்வு விதிகள் பல பத்தாண்டுப் பேச்சுவார்த்தையில் உருவானவை. அவற்றைத் திருத்துவது மிகக் கடினம். புதிய பெயர், புதிய சான்று, புதிய நிறுவனம் என்று போனால் புதிய ஒப்பந்தம் எழுதலாம். தொழிற்சங்கங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஐரோப்பாவில் எந்தப் பெரிய நிறுவனம் மலிவுத் துணை நிறுவனம் தொடங்கினாலும் முதல் சண்டை போட்டியாளரோடு நடக்காது, சொந்த விமானிகளோடுதான் நடக்கும்.

டிரான்ஸாவியாவின் கதையே இதற்குச் சாட்சி. அது பிறப்பால் டச்சு நிறுவனம்; 1966இல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வாடகை விமானங்களோடு தொடங்கியது. பிறகு நெதர்லாந்தின் பெரிய விமான நிறுவனமான கே.எல்.எம். கைக்கு வந்து, ஏர் பிரான்ஸும் கே.எல்.எம்.மும் 2004இல் இணைந்தபோது குழுமத்தின் சொத்தானது. 2007 மே மாதம் அதே பெயரில், பிரெஞ்சு உரிமத்தோடு, ஓர்லியில் டிரான்ஸாவியா பிரான்ஸ் பறக்கத் தொடங்கியது. விமானிகள் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அதற்கு 14 விமானம்தான் உச்ச வரம்பு. பச்சை வால் விமானங்களோடு டிரான்ஸாவியா வளர்ந்து தங்கள் வேலையைத் தின்றுவிடக் கூடாது என்று ஏர் பிரான்ஸ் விமானிகள் போட்டு வைத்த வேலி அது. 2014இல் அலெக்சாந்தர் த ஜூனியாக் தலைமையிலான நிர்வாகம் அந்த வேலியைத் தாண்டப் பார்த்தது; பிரான்சுக்கு வெளியே, அந்தந்த நாட்டு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் தளங்களோடு 'டிரான்ஸாவியா ஐரோப்பா' என்ற திட்டத்தையும் முன்வைத்தது. செப்டம்பர் 15 அன்று விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இரண்டு வாரம் நீடித்தது. குழுமத்துக்குச் சில நூறு மில்லியன் யூரோ இழப்பு. ஐரோப்பாத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அடுத்து வந்த உடன்பாட்டில் டிரான்ஸாவியா பிரான்ஸ் 40 விமானம் வரை வளரலாம் என்றானது. ஏர் பிரான்ஸ் விமானிகள் தங்கள் பணிமூப்பை இழக்காமல் அங்கே போய் ஓட்டலாம் என்றும் ஆனது. 2019இல் அந்த 40 என்ற வரம்பும் போனது. 2020இல், கொரோனா உலுக்கிய நேரத்தில், உள்நாட்டு வழித்தடத்தில் பறக்கவும் சங்கம் சம்மதித்தது.

இந்த உடன்பாட்டை நான் மதிக்கிறேன். வெளியாட்களை வைத்துச் சொந்த ஊழியரை ஓரங்கட்டும் வழி மூடப்பட்டு, இரண்டு நிறுவனத்தின் காக்பிட்டுக்கும் ஒரே பணிமூப்புப் பட்டியல் என்ற வழி திறந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ரயன்ஏர் அளவுக்குச் செலவைக் குறைக்க டிரான்ஸாவியா பிரான்ஸால் முடியாது. அது ஏர் பிரான்ஸைவிட மலிவு, ரயன்ஏரைவிட விலை அதிகம். இந்த நடு இடம் நிலைத்து நிற்குமா என்பது இன்னும் தீராத கேள்வி. பிரான்சில் ஆள் எடுத்தால் எல்லா நிறுவனத்துக்கும் அதே பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டமும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும்தான் என்பதால், ஓர்லிக்குள் மட்டுமாவது நிலைக்கும் என்பது என் ஊகம்.

ஜெர்மனியில் இதே சண்டை வேறு விதமாக முடிந்தது. லுஃப்தான்சா 2013 முதல் ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக் தவிர்த்த தன் ஐரோப்பிய வழித்தடங்களைப் படிப்படியாக ஜெர்மன்விங்ஸிடம் ஒப்படைத்தது. ஆனால் ஜெர்மன்விங்ஸ் விமானிகளும் லுஃப்தான்சாவின் கூட்டு ஒப்பந்தத்துக்குள் இருந்தவர்கள். பெயர் மலிவு, காக்பிட் செலவு பழையது. அதனால் குழுமம் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த யூரோவிங்ஸை முன்னுக்குக் கொண்டுவந்தது. 2014 முதல் வேலைநிறுத்தம் மேல் வேலைநிறுத்தம். 2020 ஏப்ரலில், கொரோனா வந்ததும், ஜெர்மன்விங்ஸின் பறக்கும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒரு துணை நிறுவனத்தை இன்னொரு துணை நிறுவனம் விழுங்கிய கதை இது. அங்கே வேலை பார்த்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. அவர்கள் திறமையில் ஒரு குறையும் இல்லை.

தன் பயணிகளைத் தானே பறித்துக்கொள்வதாகாதா என்ற உங்கள் கேள்விக்குச் சரியான உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1998இல் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் 'கோ' என்ற மலிவு நிறுவனத்தைத் தொடங்கியது. பார்பரா கசானி அதை நடத்தினார். முதல் விமானத்திலேயே ஈஸிஜெட் நிறுவனர் ஸ்டெலியோஸ் தன் ஆட்களோடு ஆரஞ்சு உடையில் ஏறி உட்கார்ந்து விளம்பரம் தேடிக்கொண்டார்; போட்டி அந்த அளவுக்குச் சூடு. கோ நன்றாக வளர்ந்தது. ஆனால் தாய் நிறுவனத்தில் தலைமை மாறியது. அதிக விலை தரும் பயணிகள் மேல் கவனம் வைப்போம் என்ற கொள்கை வந்தது. 2001இல் 'கோ' நிறுவனத்தை '3ஐ' (3i) என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும் அதன் நிர்வாகிகளுக்கும் விற்றார்கள். அடுத்த வருடமே ஈஸிஜெட் 37.4 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது. விற்ற விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல். தன் பயணிகளை மகளிடம் இழப்போம் என்று பயந்த தாய், கடைசியில் மகளையும் பயணிகளையும் சேர்த்துப் போட்டியாளரிடம் கொடுத்துவிட்டாள். கே.எல்.எம்.மும் ஸ்டான்ஸ்டெட்டில் 'பஸ்' (Buzz) என்ற மலிவு விமான நிறுவனத்தை 2000இல் தொடங்கி, 2003இல் ரயன்ஏருக்கு விற்றது. இந்த இரண்டையும் பார்த்த பிறகு என் கருத்து இது: விலை பார்த்துப் பறக்கும் பயணி எப்படியும் போகப் போகிறவர். அவர் போகும் இடம் குழுமத்துக்குள் இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதை மட்டும்தான் நிறுவனம் முடிவு செய்ய முடியும்.

அப்படியானால் ஏர் பிரான்ஸ் ஏன் இப்போது ஓர்லியை விட்டே போகிறது? 2023 அக்டோபரில் வந்த அறிவிப்பின்படி, 2026 கோடை அட்டவணையிலிருந்து ஏர் பிரான்ஸின் பாரிஸ் விமானங்கள் சார்ல் த கோலில் ஒன்று சேர்கின்றன; கோர்சிகா தீவுக்கான விமானங்கள் மட்டும் விதிவிலக்கு. ஓர்லியிலிருந்து துலூஸ், மார்செய், நீஸ் போகும் வழித்தடங்கள் டிரான்ஸாவியாவுக்கு. 1996இல் தொடங்கிய 'நவெத்' என்ற அந்தச் சேவை, காலையில் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு இரவு வீடு திரும்பும் அலுவலகக்காரர்களை நம்பி ஓடியது. கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கூட்டங்கள் திரைக்குப் போய்விட்டன. 2020இல் அரசு கொடுத்த 700 கோடி யூரோ உதவியோடு வந்த நிபந்தனைப்படி, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஓர்லி–போர்தோ, ஓர்லி–லியோன், ஓர்லி–நாந்த் விமானங்களையும் நிறுத்த வேண்டியிருந்தது. துலூஸுக்கு ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆவதால் உங்கள் வழித்தடம் தப்பியது.

ஆனால் ஓர்லியைச் சும்மா விட்டுவிட முடியாது. அங்கே வருடத்துக்கு 2,50,000 இறங்கு–ஏறு நேரங்கள் என்று உச்ச வரம்பு உண்டு. தொழிலில் இவற்றை ஸ்லாட் என்போம். ஒதுக்கப்பட்ட ஸ்லாட்டில் 80 சதவீதத்தையாவது பயன்படுத்தாவிட்டால் அடுத்த பருவத்தில் அது கையை விட்டுப் போகும். வெளியே வரிசையில் ஆள் காத்திருக்கிறது. 2021இல் அரசு இரண்டாம் முறை உதவிக்கு வந்து மூலதனம் போட்டபோது, ஓர்லியில் ஒரு நாளைக்கு 18 ஸ்லாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை விதித்தது. அவற்றை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? வுயெலிங். பார்சிலோனாவில் இருக்கும் அதுவும் ஒரு துணை நிறுவனம்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸையும் ஸ்பெயினின் ஐபீரியாவையும் வைத்திருக்கும் ஐ.ஏ.ஜி. குழுமத்துடையது. 'கோ' நிறுவனத்தை விற்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் இருக்கும் அதே குழுமம், பாரிஸில் கால் பதிக்க மலிவுத் துணை நிறுவனத்தையே அனுப்புகிறது. டிரான்ஸாவியா பறக்காத ஒவ்வொரு ஓர்லி ஸ்லாட்டும் நாளை வுயெலிங்குக்கோ ஈஸிஜெட்டுக்கோ போகும். டிக்கெட் லாபத்தைவிட இந்த இடத்தைக் காப்பதுதான் டிரான்ஸாவியாவின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன். இது என் வாசிப்பு. நிர்வாகம் இந்தச் சொற்களில் சொன்னதில்லை.

மலிவு விமானம் என்றால் வார இறுதியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஓர்லி கேட்டில் போர்ட்டோ விமானத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் காலை நின்று பாருங்கள். பாரிஸைச் சுற்றிக் கட்டட வேலையிலும் வீடு பராமரிக்கும் வேலையிலும் வாழ்நாளைக் கழித்த போர்ச்சுகீசியக் குடும்பங்கள், பேரப்பிள்ளைகளோடு, ஊருக்குப் போகிறார்கள். மராக்கேஷ், துனிஸ், அல்ஜியர்ஸ் கேட்டிலும் இதே காட்சிதான்; கயிறு கட்டிய பெட்டி, பாட்டிக்கு வாங்கிய மருந்துப் பை. வருடத்துக்கு ஒருமுறை போனவர்கள் இப்போது ஒரு சாவுக்கும் போக முடிகிறது, ஒரு கல்யாணத்துக்கும் போக முடிகிறது. புலம்பெயர்ந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்தக் கேட்டுகளைப் பார்த்தபிறகு மலிவு விமானத்தை இளக்காரமாகப் பேச எனக்கு வாய் வராது.

இந்த வியாபாரத்தின் பலவீனம் குளிர்காலம். ஜூலையில் இருக்கை கிடைக்காது. ஜனவரியில் அதே விமானம் பாதி காலி. பெரிய பராமரிப்பை எல்லாம் குளிர்காலத்துக்குத் தள்ளுவார்கள், சில விமானங்களை வாடகைக்கு விடுவார்கள். டச்சு டிரான்ஸாவியா தன் 737களைக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் சன் கண்ட்ரி விமான நிறுவனத்துக்குக் கொடுத்ததுண்டு. அங்கே பனிக்குத் தப்பித் தெற்கே ஓடும் பருவம் அது. இப்போது இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது. 2021 இறுதியில் கே.எல்.எம்.முக்கும் இரண்டு டிரான்ஸாவியாக்களுக்கும் சேர்த்து ஏ320நியோ குடும்பத்தில் 100 விமானங்களுக்குக் குழுமம் ஆர்டர் கொடுத்தது. போயிங்கிலிருந்து ஏர்பஸ்ஸுக்கு மாறும் வருடங்களில் இரண்டு வகைக்கும் உதிரிப்பாகம், இரண்டு வகைக்கும் பயிற்சி பெற்ற விமானிகள். ஒரே வகை விமானம் என்ற மலிவு விதி சில காலத்துக்கு உடையும்.

டிரான்ஸாவியா லாபகரமா என்றும் கேட்பீர்கள். குழுமத்தின் கணக்கில் அது தனிப் பிரிவாகவே காட்டப்படுகிறது. நல்ல வருடமும் உண்டு, நஷ்ட வருடமும் உண்டு. ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பி முடிவுக்கு வர மாட்டேன். தாய் நிறுவனம் செய்யும் பராமரிப்பு, விற்பனை, விமானக் கொள்முதல் ஆகியவற்றுக்கு என்ன விலை போட்டார்கள் என்பதை வெளியிலிருந்து யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. ஈஸிஜெட் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மேல் கோ விஷயத்தில் வழக்குத் தொடுத்ததும் இதே சந்தேகத்தில்தான்: தாய் வீட்டுப் பணத்தில் மகள் விலை குறைக்கிறாள் என்று.

கடைசியாக, நீங்கள் டிக்கெட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. தாமதத்துக்கும் ரத்துக்கும் உள்ள உரிமை மலிவு டிக்கெட்டிலும் முழுமையாக உண்டு. 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குவிதிப்படி 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதைத் தாண்டிய ஐரோப்பிய ஒன்றியப் பயணத்துக்கு 400 யூரோ இழப்பீடு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தாலும் இது பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் சொன்னது. புயல் போன்ற அசாதாரணக் காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும். கேட்க வேண்டியது விமானத்தை ஓட்டிய நிறுவனத்திடம், அதாவது டிரான்ஸாவியாவிடம். இந்த விதியைத் திருத்தும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்: தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட். துலூஸிலிருந்து டிரான்ஸாவியாவில் ஓர்லி வந்து, சார்ல் த கோலில் சென்னைக்கோ கொழும்புக்கோ விமானம் பிடிப்பதாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூன் முதல் மெட்ரோ 14 ஓர்லி வரை வருகிறது. ஷாத்லேயில் இறங்கி ஆர்.இ.ஆர். பி ரயில் பிடித்தால் சார்ல் த கோல். ரயில் ஒழுங்காக ஓடினாலும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நீண்ட பயணத்துக்கு நான் என்றால் துலூஸிலிருந்து சார்ல் த கோலுக்கே நேராகப் போகும் ஏர் பிரான்ஸ் விமானத்தை, ஒரே டிக்கெட்டில், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து எடுப்பேன். பாரிஸில் நண்பர் வீட்டுக்கு மட்டும் என்றால் டிரான்ஸாவியா போதும்; பெட்டிக்கும் இருக்கைக்கும் சேர்த்து எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.